மலையில் வாங்கிய ரோஜா பீடோரில் பிழைக்க

பள்ளி விடுமுறை விட்டால் போதும், மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பீடோரில் எங்கள் தமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், பாதிப் பேர் தாப்பா பாதையில் ஏறிக் குளிர்ந்த கேமரன் மலைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது கார் பின்சீட்டில் ஸ்ட்ராபெரி ஒரு பெட்டி, சோளம் ஒரு கட்டு, காலடியில் ரோஜாத் தொட்டி ஒன்று இருக்கும். வந்த வாரம் வாசலைப் பார்க்கவே அழகு. அடுத்த வாரம் அடி இலை மஞ்சளாகும், கறுப்புப் புள்ளி விழும், அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்து குச்சி மட்டும் நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு ரோஜா வராது என்று முடிவுகட்டித் தொட்டியைப் பின்பக்கம் கவிழ்த்துவிடுவார்கள்.

வெயில்மேல் பழி போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ராஜஸ்தானில் புஷ்கர் பக்கம் பாலைவன ஓரத்தில் ரோஜா வயல் வயலாக விளைகிறது. திண்டுக்கல் நிலக்கோட்டையில் மூட்டை மூட்டையாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். பீடோரில் மதிய வெயில் ஏறினால் 33, 34 டிகிரி. அதற்கெல்லாம் ரோஜா சாகாது. இங்கே அதைக் கொல்வது இலையில் தங்கும் ஈரம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் செடியை எங்கே வைப்பது, எப்போது தண்ணீர் விடுவது, எந்தக் கிளையை வெட்டுவது எல்லாம் தானாக விளங்கிவிடும். நான் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்து நர்சரியில் வேலை பார்த்தவள். பாலிபேக்கில் கன்று வைப்பது, பாஜா என்கிற உரம் போடுவது, இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது, இதுதான் காலம் முழுக்கச் செய்த வேலை. ரிட்டயர் ஆகித் தமான் வீட்டுக்கு வந்த பிறகு அதே கை ரோஜாவுக்குப் போனது, அவ்வளவுதான்.

கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சணம். அதன் வித்து இலையில் விழுந்து முளைக்க வேண்டுமானால் இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த ஊர்களில் இலை அவ்வளவு நேரம் நனைந்தே இருப்பதில்லை. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். பிற்பகல் நாலு, ஐந்து மணிக்கு மழை பிடிக்கும். மழை விடும்போது வெயில் போயிருக்கும். அப்புறம் இரவுப் பனி. மறுநாள் எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் இலை காயும். ஏழு மணி நேரம் எங்கே, பதினைந்து மணி நேரம் எங்கே! ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பெரும்பாலான நாள் இதே கதைதான். தைப்பிங்கில் இருப்பவர்கள் இன்னும் பாவம், தீபகற்பத்திலேயே மழைக்குப் பேர்போன ஊர் அது.

அப்படியானால் கேமரனில் மழை இல்லையா என்று கேட்பீர்கள். கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆனால் ரிங்லெட் தாண்டியதும் மலைச்சரிவெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே, அது பிளாஸ்டிக் கூரை. பூச்செடிகள் அதற்குக் கீழேதான் வளர்கின்றன. குளிர்ச்சியின் புகழைப் பாதி அந்தக் கூரைக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிவந்த செடி அதுவரை ஒரு மழையில்கூட நனையாததாக இருக்கலாம். அதைக் கொண்டுவந்து முதல் நாளே வெட்டவெளியில் வைத்தால் பாவம், அது என்ன செய்யும்?

இடம்

ஆகவே முதலில் கூரையைப் பாருங்கள். கிழக்குப் பார்த்த வீடாக இருந்தால் கார் நிறுத்தும் கூரையின் ஓரம்தான் ரோஜாவுக்கு அரியாசனம். காலை ஏழரையிலிருந்து பகல் ஒன்று, ஒன்றரை வரை வெயில் சாய்ந்து உள்ளே விழும். சாயங்கால மழை கூரையோடு போய்விடும். ரோஜாவுக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும், அதைக் காலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. காலை வெயில் இலைப் பனியைச் சீக்கிரம் காயவைக்கும், பிற்பகல் வெயில் பூவைச் சுடும்.

மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் மனம் தளர வேண்டாம். பக்கவாட்டில் கொஞ்சம் இடம் இருந்தால் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை நாலு குழாயில் சாய்வாகக் கட்டிவிடுங்கள். ஹார்ட்வேர் கடையில் அடியாக வெட்டித் தருவார்கள். நாலு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். கறுப்பு வலை மட்டும் கட்டுவது வீண் வேலை. அது வெயிலை மறைக்கும், மழையை விடும். ரோஜாவுக்கு வேண்டியது நேர் எதிர்.

கூரை கிடையாது, வெட்டவெளிதான் இருக்கிறது என்றால் காற்றை நம்புங்கள். தொட்டிக்குத் தொட்டி இரண்டடி, முடிந்தால் மூன்றடி விடுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வாழை, கருவேப்பிலை, துளசி எல்லாவற்றுக்கும் நடுவில் செருகி வைத்தால் இலை காயவே காயாது. தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சிமெண்டுத் தரையின் சூடும் ஏறாது, அடித்துளையும் அடைபடாது.

தொட்டிக்குக் கீழே தட்டு வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம். தேங்கின தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். சுகாதார இலாகாக்காரர்கள் டார்ச் அடித்து முதலில் பார்ப்பதே பூந்தொட்டித் தட்டைத்தான், புழு இருந்தால் அபராதம் கட்ட வேண்டும்.

எந்த ரோஜா

எங்கள் ஊருக்கு என்னைக் கேட்டால் முதல் செடி பன்னீர் ரோஜா வகைதான். மலாய்க்காரர்கள் ரோஸ் கம்போங் என்பார்கள். லயத்து வீடுகளின் வாசலில், கோழி கிளறிய மண்ணில், யாரும் கவனிக்காமலே பூத்துக்கொண்டிருந்ததே, அந்த அடர் ரோஸ் நிறப் பூ. இதழ் தளர்வாக இருக்கும், ஒரே நாளில் விரிந்துவிடும், சாடியில் வைத்தால் நிற்காது. ஆனால் ஒரு பூ சாமிப்படத்துக்கு வைத்தால் அறை முழுக்க மணக்கும். கரும்புள்ளி வரும், இலை கொஞ்சம் கொட்டும், மறுபடி துளிர்க்கும். அடுத்தது கொத்தாகப் பூக்கும் பட்டன் ரோஜா. மூன்றாவது, சீன ரோஜா, டீ ரோஜா வம்சத்தில் வந்த பழைய வகைகள். ஐரோப்பிய ரோஜாக்கள் பெரும்பாலும் வருசத்துக்கு ஒரு முறை பூத்து ஓய்ந்துவிடுபவை. சீனாவிலிருந்து போன ரோஜா கலந்த பிறகுதான் வருசம் முழுக்கப் பூக்கும் குணம் அவற்றுக்கு வந்தது. குளிர்காலத் தூக்கம் தேவைப்படாத இந்த வம்சம் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும்.

கேமரனில் தனித்தனியாக நீண்ட காம்பில் நிற்கிறதே, பூக்கடையில் செலோபேன் சுற்றி விற்பார்களே, அது ஹைபிரிட் டீ. 1867-இல் பிரான்சில் வந்த லா பிரான்ஸ்தான் அந்த வகையில் முதல் ரோஜா என்பது வழக்கம். அழகு அதுதான், சந்தேகமில்லை. சொகுசும் அதற்குத்தான் அதிகம். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. கூரை இருந்தால் வாங்குங்கள். அப்புறம் ஒன்று, மலையில் கைப்பிடி அளவு இருந்த பூ இங்கே சற்றுச் சிறுத்துத்தான் வரும், இதழும் குறையும், இரண்டு மூன்று நாளில் உதிரும். சூட்டில் மொட்டு அவசரமாக விரிவதால் அப்படி. செடியின் குற்றமுமில்லை, உங்கள் குற்றமுமில்லை.

கடையில் எடுக்கும்போது பூவைப் பார்க்காமல் தூரைப் பாருங்கள். அடியிலிருந்து மூன்று கிளையாவது தடிமனாகக் கிளம்பியிருக்க வேண்டும். தூருக்கு மேலே முடிச்சு மாதிரிப் புடைத்திருந்தால் அது ஒட்டுக்கன்று. அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து வரும் கிளை காட்டு ரோஜாவின் கிளை, வேகமாக நீளும், பூவே வைக்காது, மேலே இருக்கும் நல்ல ரோஜாவைப் பட்டினி போடும். பெரும்பாலும் ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருக்கும், நிறமும் வேறாகத் தெரியும். அதைக் கத்தரியால் வெட்டினால் இரண்டாகக் கிளைத்து வரும். மண்ணை விலக்கி அடியோடு பிய்த்து எடுங்கள். ஒரே மாதிரிச் செடி ஒட்டிலும் பதியனிலும் கிடைத்தால் நான் பதியனைத்தான் எடுப்பேன். தன் வேரில் நிற்கும் செடி அடியோடு வெட்டினாலும் அதே ரோஜாவாகத் துளிர்க்கும்.

பக்கத்துச் சந்து மருமகள் ஒருத்தி போன விடுமுறைக்கு வாங்கிவந்த செடியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, இத உடனே பெரிய தொட்டிக்கு மாத்திடவா?"

"முதல்ல அந்தப் பூவையெல்லாம் வெட்டும்மா."

"ஐயோ, பூவுக்காகத்தானே வாங்கினேன்!"

வெட்டத்தான் வேண்டும். பூவும் மொட்டும் போனால்தான் செடி வேரையும் இலையையும் கவனிக்கும். வெட்டிய பூவைச் சாடியில் வைத்துப் பாருங்கள், ஆசை தீரும். செடியை முதல் பத்து நாள் வெளிச்சமான நிழலில், மழை படாமல் வையுங்கள். பிறகு காலை எட்டரை வரை வெயில், அடுத்த வாரம் பத்தரை வரை, அப்படியே கூட்டுங்கள். புதுத் துளிர் செம்பு நிறத்தில் எட்டிப் பார்த்த பிறகு தொட்டி மாற்றலாம். பழைய மண் உருண்டையை உடைக்காமல், சுற்றிலும் புது மண் போட்டு வையுங்கள். உருண்டை தேங்காய் நார்த் தூளாக இருந்தால் உள்ளே இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நடுவில் சொதசொதவென்று இருக்கும்.

மண்

பீடோர் பழைய ஈய லம்பத்து (சுரங்கத்து) ஊர். சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே மணல்தான், தண்ணீரும் நிற்காது, பாஜாவும் நிற்காது. தோட்டத்துப் பக்கம் போனால் செம்மண். மழையில் சேறு, வெயிலில் செங்கல். இரண்டுமே ரோஜாவுக்கு அப்படியே ஆகாது. ஆகவே நிலத்தில் நடுவதைவிடத் தொட்டியில் வைப்பதே இங்கே சுலபம். நம் நர்சரிகளில் எல்லாரும் சொல்லும் 3, 2, 1 கணக்கே போதும்: கருப்பு மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. நான் மணலைப் பாதியாகக் குறைத்து மீதிக்குக் கருக்கிய உமி போடுவேன். உமி மண்ணை இறுகவிடாது.

எரு என்றால் ஆட்டுப் புழுக்கைதான் எனக்குப் பிடித்தது. கோழி எரு சூடு. நாற்றம் போக மக்கியிருந்தால் மட்டும் சேருங்கள்.

தொட்டி பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பீங்கான் தொட்டிக்குக் காசு செலவழிக்க மனமில்லையென்றால் செம்பனை நர்சரியில் பயன்படுத்தும் பெரிய பாலிபேக் கேட்டு வாங்குங்கள், 15க்கு 18 அங்குலம். வருசக்கணக்கில் தாங்கும். கறுப்புப் பை பிற்பகல் வெயிலில் கொதிக்கும் என்பதால் பையின் மேற்குப் பக்கத்தை மட்டும் ஒரு பலகையால் மறைத்துவிடுங்கள்.

இனி புளிப்பு. நம் செம்மண் பொதுவாகப் புளிப்பு மண், பிஎச் நாலு, ஐந்துக்குள் இருக்கும். ரோஜாவுக்கு ஆறு, ஆறரை வேண்டும். புளிப்பு மண்ணில் எவ்வளவு பாஜா கொட்டினாலும் வேர் சரியாக எடுக்காது. தோட்டங்களில் ஜிஎம்எல் என்று சொல்லும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூள் விவசாயப் பொருள் கடைகளில் கிடைக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை மேலே தூவிக் கிளறிவிட்டால் போதும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஊற்றாதீர்கள், அது வேரை எரிக்கும். சுண்ணாம்பும் பாஜாவும் ஒரே நாளில் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியா வாடையாகக் காற்றில் போய்விடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

தண்ணீரும் பாஜாவும்

தண்ணீர் காலையில், தூரில். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து குழாயைத் தூக்கிப் பிடித்துச் செடியைத் தலையோடு குளிப்பாட்டுவது பார்க்க நன்றாக இருக்கும். கரும்புள்ளிக்கு அதைவிட நல்ல விருந்து வேறில்லை. வெயில் காலத்தில் தினமும், மழை நாளில் விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு. மேல்மண்ணை மூடித் தேங்காய் மட்டையோ காய்ந்த இலையோ பரப்பினால் மழைத்துளி மண்ணில் அடித்து நோய் வித்தை அடி இலைக்குத் தெறிக்கவைப்பது குறையும். மூடாக்கு தூரைத் தொடாமல் இருக்கட்டும்.

ரோஜா பெரும் பசிக்காரி. செம்பனைக் கன்றுக்கு நர்சரியில் போடுகிற அதே நீல பாஜா, 12-12-17-2, ரோஜாவுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தக் கடைசி இரண்டு மக்னீசியம், பதினேழு பூவுக்கு வேண்டிய சாம்பல் சத்து. ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தொட்டியின் ஓரமாக வட்டமாகத் தூவுங்கள். தூரில் குவித்தால் பட்டை வெந்துபோகும். போடும் முன் மண் ஈரமாக இருக்க வேண்டும், போட்ட பின்பும் தண்ணீர் விட வேண்டும். கன்று புதிதென்றால் பாதி அளவு. யூரியாவை மறந்துவிடுங்கள். இலை கொழுகொழுவென்று வரும், பூ வராது, அசுவினிக்குத்தான் கொண்டாட்டம்.

அடி இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க நடுவில் மஞ்சளடித்தால் அது மக்னீசியக் குறை. செம்பனையில் அடி மட்டை ஆரஞ்சு நிறமாகுமே, அதே வியாதி. தோட்டத்தில் கிசரைட் போடுவோம். வீட்டில் எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தூரில் ஊற்றினால் சரியாகும். புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் அது வேறு, இரும்புச் சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுவதாலோ சுண்ணாம்பு கூடிப்போனதாலோ வருவது.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், கெடுதல் இல்லை. தேயிலைச் சக்கை மக்கவிட்டுப் போடலாம், சீனி பால் கலந்ததென்றால் அலசிவிட்டு. முட்டை ஓடு இடித்துத் தூளாக்காவிட்டால் வருசக்கணக்கில் அப்படியே கிடக்கும். மீன் கழுவிய தண்ணீர் நல்ல சத்துதான். ஆனால் தெருப் பூனை எல்லாம் வந்து தொட்டியைக் கிளறிச் செடியைச் சாய்த்துவிடும். அதை முருங்கைக்கு ஊற்றுங்கள்.

கத்தரி

நம் ஊரில் குளிர்காலம் இல்லை. செடி உறங்குவதே இல்லை. வெளிநாட்டு முறையில் முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தால் இலையில்லாமல் மழையில் நின்று நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். ஒரே நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, அதுதான் இங்கே கவாத்து.

பூ வாடியதும் காம்பைப் பிடித்துக் கீழே வாருங்கள். பூவுக்குக் கீழே முதலில் மூன்று சிற்றிலை உள்ள காம்பு வரும், அதை விடுங்கள். அதற்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ளது. அந்தக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் உற்றுப் பார்த்தால் அரிசி நுனி அளவுக்குச் சிவப்பாக ஒரு கண் இருக்கும். அது செடியின் நடுவை நோக்கி இருந்தால் இன்னும் ஒரு கணு இறங்குங்கள். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, கண்ணிருக்கும் பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் சாய்த்து வெட்டுங்கள். தண்ணீர் கண்ணின் மேல் வடியாமல் மறுபக்கம் ஓடிவிடும். நீளமாக விட்டால் அந்தக் குச்சி செத்து, சாவு கீழே இறங்கும். கண்ணை ஒட்டி வெட்டினால் கண் காய்ந்துபோகும்.

வெட்டிய முகத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பு வட்டம் தெரிந்தால் நோய் உள்ளே இறங்கியிருக்கிறது. வெள்ளை தெரியும்வரை ஒவ்வொரு துண்டாக இறங்கி வெட்டுங்கள், இரக்கப்படாதீர்கள். அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பழைய கத்தியால் நசுக்கி வெட்டாதீர்கள், பாராங் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ரோஜாப் பக்கம் வரவே வேண்டாம்.

நடுவில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகும் கிளைகளை எடுத்துவிட்டுச் செடியின் நடுவைக் கிண்ணம்போல் திறந்து வையுங்கள். உள்ளே காற்று போனால் இலை காயும்.

வெட்டியதிலிருந்து மறுபடி பூக்க ஏறக்குறைய ஆறு, ஏழு வாரம் ஆகும். தீபாவளிக்கு வாசலில் பூ வேண்டுமென்றால் அந்த வருசத் தேதியைப் பார்த்து ஏழு வாரம் முன்னாலேயே கத்தரியை எடுங்கள். தைப்பூசத்துக்கும் அப்படியே நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அக்டோபர் மழையில் கரும்புள்ளி உச்சத்தில் இருக்கும். கூரை இல்லாதவர்கள் தீபாவளிப் பூவை நம்பிக் கோலத்துக்கு அளவெடுக்க வேண்டாம்.

நோயும் பூச்சியும்

கரும்புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது. அதைப் பறித்து பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டியில் உதிர்ந்ததையும் பொறுக்க வேண்டும். வித்து அங்கேதான் காத்திருக்கும், மூடாக்கில் சேர்க்கவே கூடாது. வேப்பெண்ணெய் ஐந்து மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் நாலைந்து சொட்டு விட்டுக் குலுக்கி, வாரம் ஒரு முறை அதிகாலையில் இலையின் இரு பக்கமும் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். மழைக்காலத்தில் அதற்கு மசியாவிட்டால் மான்கோசெப் என்ற பூஞ்சண மருந்து, பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. அது நோய் வராமல் காக்குமே தவிர வந்த இலையைக் குணப்படுத்தாது.

இலை முழுக்க ஓட்டை ஓட்டையாகி, பகலில் பார்த்தால் ஒரு பூச்சியும் இல்லையென்றால் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு வாருங்கள். பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக வண்டுகள் இலை ஓரத்தில் தொங்கிக்கொண்டு மேய்வதைப் பார்க்கலாம். நர்சரியில் இளஞ்செம்பனைக் கன்றைத் தின்ன வரும் அதே இரவு வண்டுக் கூட்டம்தான். பகலில் மண்ணுக்குள் போய்விடும், அதனால்தான் கண்ணில் படுவதில்லை. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய பேசினைக் கீழே பிடித்துக் கிளையை ஒரு தட்டுத் தட்டுங்கள், பொலபொலவென்று விழும். தொடர்ந்து ஒரு வாரம் செய்தால் குறைந்துவிடும். வாசல் விளக்கை அணைத்து வையுங்கள், வெளிச்சத்துக்குத்தான் பாதி வண்டு வருகிறது. அதே டார்ச்சில் ஆப்பிரிக்க நத்தையும் அகப்படும். உப்பைக் கொட்டாதீர்கள், மண் கெடும், பொறுக்கி எடுங்கள்.

இலை ஓரத்தில் மட்டும் நாணயத்தால் அளந்து வெட்டின மாதிரி அரைவட்டம் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூட்டுக்கு இலை எடுத்துப் போகிறது, பாவம், விட்டுவிடுங்கள்.

மொட்டு விரியாமல் நுனி பழுப்பாகிச் சுருண்டால் இலைப்பேன். மொட்டை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால் நூல் துண்டு மாதிரி சின்னஞ்சிறு பூச்சிகள் ஓடும். அந்த மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு வேப்பெண்ணெய். கூரைக்குக் கீழே வைத்தவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு: செஞ்சிலந்தி. மழை படாத இடம் அதற்குச் சொர்க்கம். இலை மேலே ஊசி குத்தின மாதிரி வெளிறும், அடியில் மெல்லிய வலை தெரியும். இதற்கு மட்டும் நான் சொன்ன விதியை மீறலாம். காலை எட்டு மணிக்கு, வெயில் வரும் நேரத்தில், குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். பத்து மணிக்குள் காய்ந்துவிடும், நோய்க்கு நேரம் கிடைக்காது. எறும்பு ஏறிக்கொண்டிருக்கும் கிளையில் மாவுப்பூச்சி இருக்கும், எறும்புதான் அதைக் காவல் காப்பது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

புல் மருந்து பற்றி ஒன்று. தோட்டத்தில் தெளிப்பு வேலை செய்தவர்கள் வீட்டில் அந்தப் பம்பு இன்னும் இருக்கும். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை, இப்போது வடிகால் ஓரத்துக்குக் கிளைபோசேட்தான் பலரும் அடிக்கிறார்கள். அதே பம்பைக் கழுவிவிட்டு ரோஜாவுக்கு வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். ஒட்டியிருக்கும் கொஞ்சமே போதும். புதுத் துளிர் ஊசி ஊசியாக, கொத்தாகக் குறுகி வரும், பார்த்தால் ஏதோ வைரஸ் நோய் என்று நினைப்போம். காற்றில் வந்த தெளிப்பும் இதைச் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் புல்லுக்கு அடிக்கப்போகிறார் என்று தெரிந்தால் தொட்டியை உள்ளே இழுத்து வையுங்கள்.

பதியன்

பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் குச்சியிலேயே வரும். அப்போதுதான் பூத்து முடித்த, பென்சில் பருமனுள்ள கிளை. ஆறிலிருந்து எட்டு அங்குலம், நாலு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேலே நேராக வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் குழப்பம் வராது. மேலே இரண்டு இலைக் காம்பு மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். சிறிய பாலிபேக்கில் மணலும் கருக்கிய உமியும் பாதிப் பாதி, எரு கூடவே கூடாது. முதலில் வேறு குச்சியால் துளை போட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு அழுத்துங்கள். அடி வெட்டின மினரல் தண்ணீர்ப் போத்தலை மூடியில்லாமல் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். இடையில் துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று இழுத்துப் பார்க்காதீர்கள். குச்சியில் இருக்கும் சத்திலேயே துளிர் வரும். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகு போத்தலை எடுத்து, ஒரு வாரம் கழித்துக் காலை வெயிலுக்கு நகர்த்துங்கள். முதல் இரண்டு மொட்டைக் கிள்ளிவிடுங்கள்.

ஹைபிரிட் டீ குச்சியிலும் சில பிழைக்கும், பல அழுகும். ஆசை இருந்தால் நாலைந்தாக வையுங்கள். என்னிடம் கன்று கேட்டு வருபவர்களுக்குப் பன்னீர் ரோஜாதான் தருவேன், காசு வாங்குவதில்லை. பாலிபேக்கை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.